ராமானுஜன் பட்டியலின் கடைசி எண்



ஒரே ஓர் எண்ணைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்: 6746328388800. பதின்மூன்று இலக்கங்கள். நம் வழக்கப்படி வாசித்தால் 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. ஓர் அரசின் நிதிநிலை அறிக்கையில் இந்த அளவுள்ள தொகைகளை நாம் பார்க்கிறோம். ஆகவே அளவில் இது நம்மை மிரட்டும் எண் அன்று. இதன் சிறப்பு முழுக்க அதன் உள்ளமைப்பில் இருக்கிறது. 1915-ஆம் ஆண்டு லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் சீனிவாச ராமானுஜன் வெளியிட்ட ஒரு பட்டியல் இந்த எண்ணோடு முடிகிறது.

முதலில் இதைப் பகா எண்களாகப் பிரித்துவிடுவோம்.

6746328388800 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

இரண்டு முதல் இருபத்து மூன்று வரையுள்ள பகா எண்கள் ஒன்பதும் வரிசை மாறாமல், இடையில் ஒன்றும் விடுபடாமல் வந்து நிற்கின்றன. அடுக்குகளைப் பாருங்கள்: 6, 4, 2, 2, பிறகு எல்லாம் 1. ஓரிடத்திலும் ஏறவில்லை. 1 முதல் 28 வரை எந்த எண்ணால் வகுத்தாலும் மீதி வராது. 29-இல்தான் முதன்முதலாக மீதி வரும்.

இதற்கு எத்தனை காரணிகள்? காரணி என்று நான் சொல்வதில் 1-உம் அந்த எண்ணும் அடங்கும். இந்த எண்ணின் ஒரு காரணியை உருவாக்க வேண்டுமானால் எத்தனை 2 எடுப்பது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். ஒன்றுகூட எடுக்காமல் விடலாம், ஆறு வரை எடுக்கலாம். ஆக ஏழு வழிகள். 3-க்கு ஐந்து வழிகள். 5-க்கும் 7-க்கும் மும்மூன்று. மற்ற ஐந்து பகா எண்களுக்கும் எடுப்பது, விடுவது என இரண்டிரண்டு. எல்லாவற்றையும் பெருக்கினால் 7 × 5 × 3 × 3 × 32 = 10080. பத்தாயிரத்து எண்பது காரணிகள்.

இது அதிகமா, குறைவா? ஜெர்மானியக் கணித அறிஞர் டிரிஷ்லே 1849-இல் இதற்கு ஓர் அளவுகோல் தந்தார். 1 முதல் ஒரு பெரிய எண் வரை எல்லா எண்களின் காரணிகளையும் எண்ணிச் சராசரி எடுத்தால், அது அந்தப் பெரிய எண்ணின் இயல் மடக்கையை ஒட்டி வரும். நம் எண்ணின் இயல் மடக்கை 29.54. அதாவது இந்த எண் வரையிலான எண்களுக்குச் சராசரியாக 30 காரணிகள். ராமானுஜனும் அவரோடு இணைந்து பணியாற்றிய ஆங்கிலக் கணித அறிஞர் ஹார்டியும் 1917-இல் வேறொரு கட்டுரையில் நிறுவியதை இங்கே பொருத்தினால், இந்த அளவுள்ள எண்களில் பெரும்பாலானவற்றுக்கு மூன்று நான்கு வெவ்வேறு பகாக் காரணிகள்தாம் இருக்கும். நம் எண்ணுக்கு ஒன்பது. சராசரி முப்பது என்ற இடத்தில் இது பத்தாயிரத்தைத் தாண்டுகிறது.

அதோடு நிற்கவில்லை. இதைவிடச் சிறிய எண் எதை எடுத்தாலும் அதன் காரணிகள் 10080-க்குக் குறைவாகவே இருக்கும். தனக்கு முன்னால் வந்த எல்லா எண்களையும் காரணி எண்ணிக்கையில் மிஞ்சுகிற எண்ணுக்கு ராமானுஜன் ஒரு பெயர் வைத்தார். தமிழில் அதை மிகுபகு எண் எனலாம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று அந்த வரிசை போகும். 12-க்கு 6 காரணிகள், 60-க்கு 12. ஒரு மணிக்கு அறுபது நிமிடம், ஒரு வட்டத்துக்கு 360 பாகை என்று பழங்காலத்தார் வகுத்தது எவ்வளவு வசதி என்பது இந்த வரிசையைப் பார்த்தாலே விளங்கும். பிளேட்டோ தம் 'சட்டங்கள்' நூலில் ஒரு நல்ல நகருக்கு 5040 குடும்பங்கள் வேண்டும் என்றார். காரணம், அந்த எண் 1 முதல் 10 வரை எல்லாவற்றாலும் வகுபடும். அதன் காரணிகள் 60. தன்னை விட்டுவிட்டு 59 என்று பிளேட்டோவே கணக்குச் சொல்கிறார். 5040-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; இன்று அது மீண்டும் வரும்.

இந்த வரிசை எங்காவது முடியுமா? முடியாது. எந்த எண்ணை இரட்டித்தாலும் அதன் காரணிகள் கூடத்தான் செய்யும். ஆகவே ஒரு மிகுபகு எண்ணுக்கும் அதன் இரு மடங்குக்கும் இடையில், அல்லது அந்த இரு மடங்காகவே, அடுத்த மிகுபகு எண் வந்தாக வேண்டும். எட்டாம் வகுப்பு மாணவருக்குச் சொல்லக்கூடிய நிறுவல் இது.

ராமானுஜன் 1914 ஏப்ரலில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். ஆகஸ்டில் போர் மூண்டது. டிரினிட்டி கல்லூரியில் இருந்தபடி அவர் எழுதி முடித்த முதல் பெரும் கட்டுரை இந்த மிகுபகு எண்களைப் பற்றியது. அச்சில் 63 பக்கங்கள். 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் அளித்தது இந்த ஆய்வுக்காகத்தான். கும்பகோணத்திலும் சென்னையிலும் எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர் பெற்ற பட்டம் அது. அந்தக் கட்டுரையில் 102 மிகுபகு எண்கள் கொண்ட பட்டியல் ஒன்று இருக்கிறது. அதன் கடைசி எண்தான் கரும்பலகையில் இருப்பது.

கணினி இல்லாத காலத்தில் ஆறே முக்கால் லட்சம் கோடி வரை ஒருவர் எப்படிப் போனார்? ஒவ்வோர் எண்ணாகச் சோதித்துப் போக முடியாது. எந்த வடிவத்தில் இருக்கும் எண்ணுக்கு இந்தத் தகுதி கிட்டும், எந்த வடிவத்துக்குக் கிட்டவே கிட்டாது என்று முன்கூட்டியே அறிந்தவரால்தான் முடியும். அந்த அறிவுதான் கட்டுரையின் உயிர். அதை இந்த எண்ணை வைத்தே காட்டுகிறேன்.

அடுக்குகள் ஏன் ஏறாமல் இறங்குகின்றன? 2-ன் அடுக்கு 6, 3-ன் அடுக்கு 4 என்பதை இடம் மாற்றி 2⁴ × 3⁶ என்று வையுங்கள். காரணிகளின் எண்ணிக்கை மாறாது, அதே 10080. ஆனால் எண் இரண்டே கால் மடங்கு பெரிதாகிவிடும். குறைந்த அளவில் அதே காரணிகள் கிடைக்கும்போது பெரிய எண்ணுக்கு மிகுபகு என்ற தகுதி ஏது? அதேபோல 23-ஐ விட்டு 29-ஐச் சேர்த்தாலும் காரணிகள் அதே எண்ணிக்கைதான், எண்தான் வீங்கும். ஆகவே பகா எண்களில் ஒன்றையும் தாண்டிப் போகக்கூடாது.

அடுத்தது இன்னும் அழகானது. கடைசிப் பகா எண்ணின் அடுக்கு ஏன் 1? நம் எண்ணில் 23 இரு முறை வந்திருந்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். அந்த எண்ணிலிருந்து ஒரு 23-ஐயும் ஒரு 2-ஐயும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 29-ஐ வையுங்கள். எடுத்தது 46, வைத்தது 29. எண் சிறுத்துவிட்டது. காரணிகள்? 23-க்கு மூன்று வழிகள் இருந்த இடத்தில் இப்போது இரண்டு. 2-க்கு ஏழு வழிகள் ஆறாகிவிட்டன. 29-ஆல் புதிதாக இரண்டு மடங்கு. ஆக 2/3 × 6/7 × 2 = 8/7. எண் குறைந்தது, காரணிகள் கூடின. அப்படியானால் 23 இரு முறை வரும் எண் மிகுபகு எண்ணாக இருக்கவே முடியாது.

இந்த வாதம் எல்லா இடத்திலும் செல்லுமா? ஒரு பகா எண்ணுக்கும் அதன் இரு மடங்குக்கும் இடையே இன்னொரு பகா எண் இருந்தால் செல்லும். இருக்கிறது என்பதை 1852-இல் ரஷ்யர் செபிஷேவ் நிறுவினார். அதற்கு மிகச் சுருக்கமான நிறுவல் ஒன்றை 1919-இல் தந்தவரும் ராமானுஜன்தான். 2-ன் அடுக்கு 3-ஐ எட்டாத மிகச் சிறிய எண்களில் மட்டும் இந்த வாதம் தளர்ந்துபோகும். 4, 36 என்ற இரண்டே எண்கள் அப்படித் தப்பித்தவை. மற்ற மிகுபகு எண் எல்லாவற்றிலும் கடைசிப் பகா எண் ஒரே முறைதான் வரும் என்று ராமானுஜன் அறுதியிட்டார். மாணவர்களே, ஒரு நல்ல தேற்றத்தில் விதிவிலக்குகள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் நிறுவலே சொல்லிவிடும். இங்கே அது நடக்கிறது.

ஆனால் அடுக்குகள் இறங்கினால் மட்டும் போதாது. அடுக்குகள் ஏறாமல், பகா எண்கள் விடுபடாமல் உள்ள எண்கள் எத்தனையோ. அவற்றில் மிகச் சிலதான் மிகுபகு எண்கள். 2-ஐ எத்தனை முறை சேர்ப்பது, 3-ஐ எத்தனை முறை சேர்ப்பது என்பது ஒரு பேரம். ஒரு பகா எண்ணை இன்னொரு முறை சேர்ப்பதற்கு ஒரு விலை உண்டு: எண் அத்தனை மடங்கு பெரிதாகிவிடும். அதற்குக் கிடைக்கும் பலனும் உண்டு: காரணிகள் கூடும். கையில் உள்ள காசுக்கு எதை வாங்கினால் அதிகப் பலன் என்று பார்த்து வாங்க வேண்டும். 2 விலை குறைந்தது. ஆனால் ஏற்கெனவே ஆறு 2 வாங்கியவருக்கு ஏழாவதால் காரணிகள் ஏழில் ஒரு பங்குதான் கூடும். 29 விலை அதிகம். ஆனால் வாங்கிய மாத்திரத்தில் காரணிகள் இரு மடங்காகும்.

இந்தப் பேரத்தை ராமானுஜன் ஒரு சூத்திரமாக்கினார். 0-க்கு மேல் ஒரு சிறிய எண்ணை அளவுகோலாக எடுத்துக்கொள்கிறோம். 0.207 என்று எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பகா எண்ணையும் 0.207 அடுக்குக்கு உயர்த்தி, அதிலிருந்து 1-ஐக் கழித்து, வருவதால் 1-ஐ வகுத்து, ஈவின் முழு எண் பகுதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். 2-க்குச் செய்தால் 6.48 வரும், அடுக்கு 6. 3-க்கு 3.9, அடுக்கு 3. 5-க்கு 2.5, அடுக்கு 2. 7-க்கு 2.02, மயிரிழையில் அடுக்கு 2. 11-க்கு 1.56. அப்படியே போனால் 23-க்கு 1.09, அடுக்கு 1. 29-க்கு 0.99, ஒன்றைத் தொடவில்லை, ஆகவே அடுக்கு 0. பெருக்கிப் பாருங்கள்: 2⁶ × 3³ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23 = 2248776129600. காரணிகள் 8064. ஒரே ஓர் அளவுகோலைக் கொண்டு ஒரு பதின்மூன்று இலக்க மிகுபகு எண் கையில் வந்து விழுந்துவிட்டது. வேறு எந்த எண்ணோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய வேலையே இல்லை.

இப்படிச் சூத்திரத்தால் நேராகக் கிடைப்பவற்றை ராமானுஜன் மேல்நிலை மிகுபகு எண்கள் என்று தனியே பிரித்து, பட்டியலில் உடுக்குறி இட்டுக் காட்டினார். அவை வரிசையில் இடைவெளி விட்டு வரும். 321253732800 அவற்றில் ஒன்று. அதை 7-ஆல் பெருக்கினால் இப்போது பார்த்த 2248776129600. அதை 29-ஆல் பெருக்கினால் அடுத்தது. நம் கரும்பலகை எண் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. 2248776129600-ஐ 3-ஆல் பெருக்கிப் பாருங்கள், கிடைத்துவிடும். சூத்திரம் 29-க்கு முதலிடம் தருகிறது. ஆனால் 29 பெரிய தாவல். அந்தத் தாவலுக்கு முன் குறைந்த விலையில் 3-ஐச் சேர்த்து முன்னேறும் எண் இது.

மேல்நிலை எண்களைச் சூத்திரம் தருகிறது. இடைப்பட்டவற்றைத்தான் ஒவ்வொன்றாக உழைத்துத் தேட வேண்டும். அந்த உழைப்பில் நடந்த ஒன்றை இனிச் சொல்ல வேண்டும். இந்தச் சொற்பொழிவுக்கு இந்த எண்ணை நான் தேர்ந்தெடுத்ததே அதனால்தான்.

ராமானுஜன் பட்டியலில் ஓர் எண் விடுபட்டிருக்கிறது. ஒன்றே ஒன்று. அது 293318625600. இதன் காரணிகள் 5040. பிளேட்டோவின் 5040 இங்கே காரணிகளின் எண்ணிக்கையாக வந்து நிற்கிறது. ஒரு மிகுபகு எண்ணின் காரணிகளின் எண்ணிக்கையே இன்னொரு மிகுபகு எண்.

ஏன் விடுபட்டது? அந்த இடத்தில் வரிசையைக் கவனியுங்கள். அதற்குச் சற்று முன்னால் 160626866400, பிறகு 240940299600. இரண்டிலும் கடைசிப் பகா எண் 23. காரணிகள் முறையே 4608, 4800. அதற்கு அப்பால் 321253732800. அதிலும் கடைசி 23, காரணிகள் 5376. வரிசை 23-ஐப் பிடித்துவிட்டது, இனி முன்னே போகும் என்றுதான் யாரும் எண்ணுவார்கள். ஆனால் விடுபட்ட எண்ணின் அமைப்பு இது: 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. இதில் 23 இல்லை. வரிசை ஓர் அடி பின்வாங்கி 19-லேயே நின்று, விட்டுக்கொடுத்த 23-க்கு ஈடாக 7-இன் அடுக்கை உயர்த்திக்கொள்கிறது. மிகுபகு எண்கள் வளரும்போது அவற்றின் கடைசிப் பகா எண் எப்போதும் முன்னோக்கியே போகும் என்பதில்லை. போய்விட்டுத் திரும்பியும் வரும். அந்தத் திருப்பத்தில் நிற்கும் எண்தான் ராமானுஜன் கண்ணுக்குத் தப்பியது. காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்பது என் கருத்து.

இன்னும் ஒன்று. கரும்பலகையில் இருக்கும் கடைசி எண்ணை 23-ஆல் வகுத்துப் பாருங்கள். 6746328388800 ÷ 23 = 293318625600. விடுபட்ட எண் அப்படியே வெளியே வருகிறது. பட்டியலின் கடைசி எண், விடுபட்ட எண்ணின் மேல் 23-ஐச் சேர்த்துக் கட்டியது. 5040 காரணிகள் 23-ஆல் இரட்டித்து 10080 ஆகின்றன. ராமானுஜன் அந்தப் பெரிய எண்ணைக் கண்டுபிடித்துவிட்டார்; அதன் உள்ளேயே இருந்த சிறிய எண்ணைப் பட்டியலில் சேர்க்கவில்லை. கும்பகோணத்துச் சிலேட்டிலும் கேம்பிரிட்ஜ் தாளிலும் கணக்குப் போட்ட அந்தக் கை, நூற்றுக்கும் மேற்பட்ட எண்களில் ஒன்றைத்தான் தவறவிட்டது. இதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்தப் பட்டியல் உழைத்து உண்டாக்கியது என்பதற்கு இதைவிட உறுதியான சான்று கிடையாது.

நாமகிரித் தாயார் அவருக்குச் சூத்திரங்களை அருளியதாகச் சொல்லும் கதைகளை நம் ஊரில் எல்லோரும் அறிவோம். அவருடைய பக்தி உண்மையானது, அதை மதிக்கிறேன். ஆனால் அந்தக் கதைகளோடு நின்றுவிட்டால் மாணவருக்கு அவரிடமிருந்து கற்க எதுவும் மிஞ்சாது. அருளைப் பாடமாக நடத்த முடியாது. ஒரு 23-ஐயும் ஒரு 2-ஐயும் எடுத்துவிட்டு 29-ஐ வைத்துப் பார்க்கும் யுக்தியைப் பாடமாக நடத்தலாம், இப்போதுதான் நடத்தினோம். 1729-ஐப் பற்றியும் எனக்கு இதே எண்ணம்தான். பட்னி மருத்துவமனையில் ஹார்டி சொன்ன வாடகைக் கார் எண், இரண்டு வகையில் இரு கன எண்களின் கூட்டலாக வருவது இனிய செய்தி. ஆனால் அந்த ஓர் எண்ணை வைத்தே நாம் ராமானுஜனை முடித்துவிடுகிறோம். அவர் அறுபத்து மூன்று பக்கம் எழுதி நிறுவிய எண்கள் நம் பள்ளிக்கூடச் சுவர்களில் இடம்பெறவில்லை.

இந்த எண்களின் கதை 1915-உடன் முடியவில்லை. ராமானுஜன் எழுதியதில் ஒரு பகுதி அப்போது அச்சாகவே இல்லை. லண்டன் கணிதக் கழகம் போர்க்காலத்தில் பண நெருக்கடியில் இருந்தது. செலவைக் குறைக்கக் கட்டுரையின் பின்பகுதி நிறுத்திவைக்கப்பட்டது. அது 1997-இல் 'ராமானுஜன் ஜர்னல்' முதல் தொகுதியில், பிரெஞ்சுக் கணித அறிஞர்கள் ழான் லூயி நிக்கோலாவும் கீ ரோபாவும் எழுதிய விளக்கக் குறிப்புகளோடு வெளியானது. எண்பத்திரண்டு ஆண்டுக் காத்திருப்பு.

அந்தப் பக்கங்களில் என்ன இருந்தது? காரணிகளை எண்ணுவதற்குப் பதிலாக அவற்றைக் கூட்டினால் என்ன ஆகும் என்ற கேள்வி இருந்தது. ஓர் எண்ணின் காரணிகளை எல்லாம் கூட்டி, அந்த எண்ணால் வகுப்போம். நம் எண்ணுக்கு அது 5.84 வரும். இந்த விகிதம் எவ்வளவு உயரலாம்? மடக்கையின் மடக்கையை எடுத்து 1.781-ஆல் பெருக்கினால் வருவதை ஒட்டித்தான் அதன் உச்சம் இருக்கும் என்று 1913-இல் குரோன்வால் நிறுவியிருந்தார். நம் எண்ணுக்கு அந்த உச்சவரம்பு 6.03. நம் 5.84 அதற்கு உட்பட்டே நிற்கிறது. 5040-க்குப் பாருங்கள்: விகிதம் 3.838, வரம்பு 3.817. மீறிவிட்டது.

ரீமான் கருதுகோள் உண்மையானால், மிகப் பெரிய எண்கள் எதுவும் இந்த வரம்பை மீறாது என்று ராமானுஜன் அச்சாகாத பக்கங்களில் காட்டியிருந்தார். 1984-இல் ரோபா அதைத் துல்லியமாக்கினார். 5040-க்கு மேற்பட்ட எந்த எண்ணும் வரம்பை மீறாது என்பதும் ரீமான் கருதுகோளும் ஒன்றுக்கொன்று சமம். ஒன்று உண்மையானால் மற்றதும் உண்மை. ஒன்று பொய்த்தால் மற்றதும் பொய்க்கும். 1859-இல் ரீமான் எழுப்பிய கேள்வி, இன்றும் தீராதது, காரணிகளைக் கூட்டும் பள்ளிக் கணக்காக மாறி நிற்கிறது. 5040-க்கு மேல் வரம்பை மீறும் ஒரே ஓர் எண்ணை யாராவது காட்டிவிட்டால் ரீமான் கருதுகோள் அன்றே விழும். அப்படி ஓர் எண் இருந்தால் அது எங்கே இருக்கும்? அடுக்குகள் இறங்கிவரும், பகா எண்கள் விடுபடாத, நம் கரும்பலகை எண்ணைப் போன்ற அமைப்புடைய எண்களுக்கிடையில்தான் தேட வேண்டும்.

1944-இல் அலாவோக்லுவும் பால் ஏர்டிஷும் இதே வகை எண்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் புதிதாக வரையறுத்த எண் குடும்பம் ஒன்று, ராமானுஜனின் அச்சாகாத பக்கங்களில் ஏற்கெனவே இருந்தது. பக்கங்கள் பூட்டியிருந்ததால் அவர்களுக்குத் தெரியாது. அதற்கு ஓராண்டு முன்னால், 1943-இல், காரணிகளின் கூட்டுத்தொகையில் முன்னவற்றை மிஞ்சும் எண்களைப் பற்றி எழுதியவர் நம் ஊர்க்காரர்: செங்கோட்டைக்கு அருகே வல்லத்தில் பிறந்த எஸ்.எஸ். பிள்ளை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். 1950-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில் எகிப்தில் விமான விபத்தில் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்பது. அவர் பெயரையும் இந்த மேடையில் சொல்லியாக வேண்டும்.

ஹார்டி இந்தக் கட்டுரையை மிக உயர்வாகவே மதித்தார். அசமன்பாடுகளைக் கையாள்வதில் ராமானுஜனுக்கு இருந்த அசாதாரண ஆற்றல் இதில் தெரிகிறது என்றார். ஆனால் பொருளைப் பற்றி அவருக்குத் தயக்கம் இருந்தது. கணிதத்தின் பெரும்போக்கிலிருந்து ஒதுங்கி நிற்கும் துறை இது என்று கருதினார். அவர் காலத்தில் அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. இன்று அந்தத் தீர்ப்பை ஏற்க முடியாது. ஓர் எண்ணுக்கு எத்தனை காரணிகள் என்ற கேள்வி நேராக ரீமானிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்த வழியை முதலில் நடந்து பார்த்தவர் ராமானுஜன்.

முடிக்கும் முன் கல்லூரி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். டிசம்பர் 22-ஆம் நாளைத் தேசியக் கணித தினமாகக் கொண்டாடுகிறோம். படத்துக்கு மாலை போடுகிறோம், வாழ்க்கை வரலாறு வாசிக்கிறோம், 1729-ஐச் சொல்கிறோம். அவற்றோடு ஒரு மணி நேரம் இந்தக் கட்டுரைக்கு ஒதுக்குங்கள். முதல் சில பக்கங்களுக்கு இளங்கலை மாணவரின் கணிதமே போதும். பகா எண்ணும் மடக்கையும் பொறுமையும் இருந்தால் சரி. மாணவர்களை நான்கு நான்கு பேராக உட்கார வைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 5040 காரணிகள் உள்ள மிகச் சிறிய எண் எது? தாளும் பேனாவும் மட்டும் கொடுங்கள், கைப்பேசிகளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விடையை நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள்.